ஏற்றத்தில் ஒரு கூமுட்டை!

அத்தியாயம் 6

"இப்படி உட்காருங்க" என்று கயல்விழி வலது பக்க நாற்காலியைக் காட்டினாள். வந்தவளின் கழுத்து திரும்பவில்லை. முழு உடம்பும் திரும்பியது. சந்துக்குள் லாரி திரும்புவதுபோல, இடம் பார்த்து, மெதுவாக.

தாடைக்கும் தோளுக்கும் நடுவில் முட்டுக்கொடுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கழுத்துப்பட்டை. பெயர் வசந்தாமணி. மல்லசமுத்திரத்தில் பெண்களுக்கான டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். ஸ்கூல் என்றால் ஒரே ஒரு கார், ஒரே ஒரு டீச்சர்.

"பட்டாளத்துல கூட இந்த அளவுக்கு நிமிந்து உக்கார மாட்டாங்க அம்மணி" என்றார் மூலையில் இருந்த அப்புசாமி.

"சிரிக்க வைக்காதீங்கண்ணா. சிரிச்சா தோளு வரைக்கும் இழுக்குது" என்றாள் வசந்தாமணி.

சூரமங்கலத்தில், ரயில்வே குடியிருப்புக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது கயல்விழியின் துப்பறியும் அலுவலகம். ஒன்பது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, நொறுங்கிய மனிதர்களைப் பார்க்கலாம் என்று இங்கே வந்து உட்கார்ந்தவள். வயது முப்பத்து நான்கு. உதவியாளர் அப்புசாமிக்கு அறுபத்தொன்று. முப்பது வருடம் லாரி ஓட்டியவர். முழங்கால் ஓய்வு கேட்டது, கொடுத்துவிட்டார். வாய் மட்டும் இன்னும் ஓய்வு கேட்கவில்லை.

"செவ்வாக்கிழமை வெடியால ஆறே முக்காலுங்க" என்று வசந்தாமணி தொடங்கினாள். "திருச்செங்கோடு ரோட்டுல பனங்காட்டு ஏத்தம். ஸ்டேரிங்ல ஆராயி அக்கா. அம்பத்தேழு வயசு. மகன் கார் வாங்கி வாசல்ல நிறுத்திப்போட்டு வெளிநாடு போயிட்டான். கவர் போட்டே கெடக்குது, நானே ஓட்டறேன்னு கத்துக்க வந்தாங்க. முன்னால ஆட்டு மந்தை குறுக்கால போச்சு. அக்கா அழகா நிறுத்தினாங்க. ஹேண்ட் பிரேக்கும் போட்டாங்க. 'நெம்ப நல்லாருக்குதுங்கக்கா'ன்னு வாயைத் தொறந்தேன். டமால்னு ஒரு சத்தம். பின்னால வந்த வேன் அடிச்சுப்போடுச்சு."

"ஆராயி அக்காவுக்கு அடியில்லையா?"

"இல்லீங்க. அவங்க கொண்டை பெருசுங்க. சீட்டுல தலகாணி மாதிரி தாங்கிக்கிச்சு. எனக்குத்தான் கழுத்து நரம்பு பிசகிப்போச்சு. இடது கை இன்னும் மரத்து மரத்துப் போகுது. மூணு வாரம் திரும்பிப் பாக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லீட்டாருங்க."

'பின்னால் பார், பின்னால் பார்' என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவள், பின்னால் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வேன் யாருது?"

"குணசீலனுதுங்க. முட்டை வேன். பண்ணையும் வெச்சிருக்காரு. நான் ஆஸ்பத்திரியில இருந்த நேரத்துல அவரு ஸ்டேஷன்ல போயி கதையையே திருப்பிப்போட்டாருங்க. அவரோட வேன் காலியா டீக்கடை ஓரத்துல நின்னுச்சாமா. கத்துக்குட்டி கெழவி ஏத்தத்துல காரைப் புடிக்கத் தெரியாம பின்னால உருட்டி, நின்ன வேன் மூஞ்சியில கொண்டு போயி மோதீட்டாளாமா."

கயல்விழி போட்டோக்களைப் பார்த்தாள். காரின் டிக்கி உள்ளே போயிருந்தது. வேனின் முன் பம்பர் வளைந்திருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆனால் எல்லாமே இரண்டு கதைக்கும் பொருந்தியது. பின்னால் வந்து இடித்தாலும் டிக்கி நசுங்கும், பின்னால் உருண்டு மோதினாலும் டிக்கி நசுங்கும்.

வசந்தாமணி மடித்த தாள் ஒன்றை நீட்டினாள். சமாதானக் கடிதம். 'பயிற்சி பெறும் பெண் காரை ஏற்றத்தில் நிறுத்தத் தெரியாமல் பின்னோக்கி உருளவிட்டதால்' என்று ஆரம்பித்தது.

"இன்னிக்குச் சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டா ரெண்டு பக்கமும் கேஸ் இல்லை. போடலைன்னா ஆராயி அக்கா மேலயும், என்ற ஸ்கூல் லைசென்ஸ் மேலயும் புகார் குடுப்பேங்கறாரு."

"போட்டுவிட்டால் நிம்மதிதானே?" கயல்விழி வேண்டுமென்றேதான் கேட்டாள். வருகிறவரின் எலும்பு எவ்வளவு கெட்டி என்று தட்டிப் பார்ப்பது அவள் வழக்கம்.

வசந்தாமணி எழுந்தே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, என்றகிட்ட இருநூத்திப் பன்னண்டு பொம்பளைங்க லைசென்ஸ் எடுத்திருக்காங்க. அத்தனை பேரையும் ஏத்தத்துல நிறுத்தி, பின் டயரை ஒட்டித் தீப்பெட்டி வெச்சு, அது நசுங்காம எடுத்தாத்தான் வெளிய உட்டிருக்கறேன். ஒரு அங்குலம் பின்னால வந்தாலும் மறுபடியும் முதல்ல இருந்து. நான் சொல்லிக்குடுத்த ஆளு கார் உருட்டுச்சுன்னு என்ற கையாலயே எழுதித் தரோணுமா? கழுத்து போனாப் போகுது. இந்தப் பேரு போகக் கூடாதுங்க. இதுக்குள்ளயே மூணு பொண்ணுங்க இனிமே வகுப்புக்கு வர்றதில்லைன்னு சொல்லீட்டாங்க."

"ஆராயி அக்கா என்ன சொல்றாங்க?"

"அன்னிக்கு டிரைவர் போன் போட்டு வந்த குணசீலன், ரோட்டுல கூடுன அத்தனை பேர் முன்னால அவங்களைப் பார்த்து, 'இந்த வயசுல ஸ்டேரிங் புடிக்கறயே, நீயென்ன கூமுட்டையா?'ன்னு கேட்டுப்போட்டாரு. அதிலிருந்து அக்காவுக்குச் சோறு எறங்கலை. கையெழுத்துக் கேட்டா கைநாட்டுக் கூட வெக்க மாட்டேங்கறாங்க."

கூமுட்டை என்றால் உங்களுக்குத் தெரியும். குஞ்சும் பொரிக்காது, கறிக்கும் ஆகாது, உடைத்தால் ஊரே மூக்கைப் பிடிக்கும் அழுகல் முட்டை. புத்தியில்லாதவரையும் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் வைவார்கள். அந்தச் சொல்லை மறந்துவிடாதீர்கள் கண்ணுகளா. இந்த அத்தியாயத்தில் அதற்கு வேலை இருக்கிறது.

கயல்விழி கார்ச் சாவியை எடுத்தாள். மணி பதினொன்றரை.

ஆட்டையாம்பட்டியில் அப்புசாமி ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கிக்கொண்டார்.

"புரட்டாசி வந்தா எனக்கு இதுதானுங்க கதி. ஒரு மாசம் முட்டையைக் கண்ணால கூடப் பாக்கக் கூடாதுன்னு ஊட்டுக்காரி உத்தரவு. நானென்னமோ பெருமாளுக்கே ஆம்லெட் ஊட்டப் போற மாதிரி."

"அந்த நேரம் பார்த்து முட்டை வேன் கேஸ் வந்திருக்கிறதே, பாவம்."

"கெரகம் எப்புடி வேலை செய்யுது பாருங்க."

பனங்காட்டு ஏற்றம் பெரிய ஏற்றமில்லை. சைக்கிள்காரர் இறங்கித் தள்ளும் அளவு. பாதி ஏற்றத்தில் ஒரு வேகத்தடை, பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்ட டீக்கடை. கயல்விழி இரண்டு டீ சொன்னாள்.

"செவ்வாய்க்கிழமை ஆக்சிடெண்ட் பார்த்தீங்களாண்ணா?"

"நான் ஒன்னும் பாக்கலீங்க" என்றார் டீக்கடைக்காரர், டீயை ஆற்றியபடி.

"வேன் இங்கேதான் நின்றதா?"

"நின்னுச்சுன்னு சொல்லச் சொன்னாங்க. அதனால நின்னுச்சுங்க."

"அடேங்கப்பா! எத்தனை நாணயமான பொய்!" என்றார் அப்புசாமி.

டீக்கடைக்காரர் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "குணசீலன் அண்ணன் வண்டி அஞ்சாறு தெனமும் இங்கதானுங்க நிக்குது. என்ற பொழைப்பு அதுல ஓடுது. நான் ஒன்னும் பாக்கலை. ஆனா ஒன்னுங்க. இந்தக் கறுப்பு நாயி இருக்குதே, நாலு வருசமா என்ற கடை வறிக்கி பிஸ்கட்டைத் தின்னுட்டுக் கெடந்துச்சு. செவ்வாக்கிழமையில இருந்து தொட மாட்டீங்குது. அக்கட்டால ரோட்டைப் போயி நக்கீட்டே இருக்குது."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு, எதுவுமே சொல்லாதவர்போல அடுப்பைக் கிளற ஆரம்பித்தார்.

கறுப்பு நாய் வேகத்தடைக்குக் கொஞ்சம் கீழே, தார் ரோட்டின் ஓரத்தில் படுத்திருந்தது. அந்த இடத்தில் மட்டும் யாரோ மணலை அள்ளிக் கொட்டியிருந்தார்கள். அப்புசாமி முழங்கால் சத்தம் போட உட்கார்ந்து, மணலைக் கையால் ஒதுக்கினார். அடியில் தார், வார்னிஷ் அடித்ததுபோலப் பளபளத்தது. எறும்பு வரிசை கட்டியிருந்தது. குனிந்து மோந்து பார்த்தார். அவர் முகத்தில் ஒரு பெரிய ஏக்கம் வந்து போனது.

"முட்டைக் கவுச்சிங்க. இது ஒன்னு ரெண்டு உடைஞ்ச சமாச்சாரமில்லை அம்மணி. ஒரு கல்யாண ஊட்டுக்கே ஆம்லெட் போட்டிருக்கலாம்."

"நாம் வந்த காரில் முட்டை இருந்ததா அண்ணா?"

"இல்லீங்களே."

"அதனால் நம் காரிலிருந்து முட்டை ஒழுகவில்லை. அப்படியென்றால் காலியாக நின்ற வேனிலிருந்து மட்டும் எப்படி ஒழுகியது?"

அப்புசாமி நாயைப் பார்த்துக் கும்பிட்டார். "சாமி, நீதான் முதல் சாட்சி."

நாய் சாட்சியைப் போலீஸ் எழுதிக்கொள்ளாது. மணலும் எறும்பும் 'வேறு எந்த வண்டியிலிருந்தோ' என்று ஒரு வார்த்தையில் அடிபட்டுப் போகும். கயல்விழி யோசித்தாள்.

"இவ்வளவு முட்டை உடைந்தால் வண்டிக்காரர் அடுத்து என்ன செய்வார்?"

"அதை உடைசல்னு சொல்லுவோமுங்க. ஓடு கீறினது, நசுங்கினது எல்லாம் வெயில் ஏர்றதுக்கு முன்னால கை மாறோணும். இல்லைனா நாறிப்போகும். பரோட்டாக் கடைக்காரன் வாங்குவான். ஆனா இது புரட்டாசி. பாதிக் கடையில கல்லே சூடாகலை. மிச்சம் பேக்கரிதான்."

மல்லசமுத்திரத்தில் அவர்கள் பார்த்தது மூன்று பேக்கரி. மூன்றிலும் நுழைந்து கேட்டால் மூன்றிலும் இல்லை என்றுதான் சொல்வார்கள், கேள்வி கேட்கும்போதே செய்தி குணசீலனுக்கும் போய்விடும். கயல்விழி காரை விட்டு இறங்கவே இல்லை. மெதுவாக ஓட்டிக்கொண்டே போனாள். முதல் கடை வாசலில் தேங்காய் பன். இரண்டாவது கடை வாசலில் 'முட்டை சேர்க்காத கேக் கிடைக்கும்' என்று அட்டை. மூன்றாவது கடை வாசலில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிய பலகை: 'முட்டை கேக். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். இன்றே கடைசி.'

கார் நின்றது.

"ஏனுங்க அம்மணி" என்றார் அப்புசாமி, "ஊரே கோவிந்தா போடற மாசத்துல எந்தப் பேக்கரி மகராசி முட்டை கேக்கை வாரி எறைக்கறா?"

"முட்டை அவளைத் தேடி வந்திருந்தால் ஒழிய."

கடைக்காரி சௌந்திரம் நாற்பது வயதுக்காரி. கை நிறைய மாவு. செவ்வாய்க்கிழமை என்ற வார்த்தையைக் கேட்டதும் அந்த மாவுக் கை நின்றது.

"யாருங்க நீங்க?"

"வசந்தாமணி டீச்சருக்காக வந்திருக்கிறோம்."

சௌந்திரம் கல்லாவை விட்டு வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, பிஸ்கட் டின்களுக்குப் பின்னால் நின்று பேசினாள்.

"ஏழே கால் இருக்கும். குணசீலன் அண்ணன் வண்டி வந்துச்சு. டிரைவர் தம்பி தமிழரசு மூஞ்சி வெளிறிப்போயிக் கெடந்தான். அக்கா, உடைசல் இருக்குது, எப்படியாவது வாங்கிக்கன்னு கெஞ்சினான். நானும் அவனுமா எறக்கினோம். கேபினை ஒட்டின வரிசை இருக்குதில்லீங்க, அடியிலிருந்து உச்சி வரைக்கும் பூராவும் கூழு. பக்கெட் பக்கெட்டா ஊத்தி எடுத்தோம். கதவுப்பக்கத்து வரிசையில ஒரு கீறல் இல்லை."

கயல்விழியின் கண்ணில் வெளிச்சம் வந்தது. "சௌந்திரம் அக்கா, நின்றுகொண்டிருக்கும் வேனில் ஒரு சின்னக் கார் மெல்ல உருண்டு வந்து முட்டினால் இரண்டு முட்டை கீறும். வரிசை முழுக்கக் கூழாகுமா?"

"அதெப்படிங்க ஆகும்? ஓடி வந்த வண்டி சட்டுனு நின்னாத்தான் அத்தனையும் முன்னால சாயும்."

"இதையே ஸ்டேஷனில் வந்து சொல்லுங்கள்."

சௌந்திரத்தின் முகம் சாத்திக்கொண்டது. "அது மட்டும் கேக்காதீங்க. என்ற கடைக்கு முட்டை போடறவரே அவருதான். வருசம் பூராவும் அவரு தயவுலதான் அடுப்பு எரியுது."

"தமிழரசு சொல்வானா?"

"அவனா? மொதலாளி முன்னால மூச்சு விடறதுக்கே உத்தரவு கேப்பானுங்க."

டீக்கடைக்காரர் வரமாட்டார். பேக்கரிக்காரி வரமாட்டாள். டிரைவர் பேசமாட்டான். உண்மை முழுசாகக் கையில் இருந்தது, அதைச் சொல்ல ஒரு வாய்தான் இல்லை. மணி நாலேகால்.

"ஒரு கேக் குடுங்க. பெரியதாக" என்றாள் கயல்விழி.

சௌந்திரம் வெண்ணெய்ப் பூ வைத்த கேக் ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கட்டினாள். பணத்தை வாங்கவில்லை. கதவு வரை வந்தவள், தலையைக் குனிந்துகொண்டு, "என்ற லைசென்ஸும் டீச்சரம்மாகிட்ட எடுத்ததுதானுங்க. தீப்பெட்டி வெச்சு" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். எரிகிற அடுப்பை அணைத்துவிட்டு வந்து நியாயம் பேச எல்லாராலும் முடிவதில்லை.

காரில் கேக் பெட்டி அப்புசாமியின் மடியில் இருந்தது. அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, முட்டைக்காரங்களோடு பத்து வருஷம் லோடு ஓட்டியிருக்கிறீர்களே. அவர்களுக்குத் தலைகால் தெரியாத கோபம் எதில் வரும்?"

அப்புசாமி மூன்று வார்த்தையில் பதில் சொன்னார். கயல்விழி காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தாள். என்ன சொன்னார் என்று இங்கேயே உடைத்துவிட்டால் ருசி போய்விடும். வாருங்கள், ஸ்டேஷனுக்குப் போவோம்.

ஸ்டேஷன் ரோட்டைவிடப் பள்ளத்தில் இருந்தது. வாசலிலிருந்து ரோட்டுக்கு ஏற ஒரு செங்குத்துச் சரிவு. முற்றத்தில் டிக்கி நசுங்கிக் கயிற்றால் கட்டப்பட்ட டிரைவிங் ஸ்கூல் கார் நின்றது. பக்கத்திலேயே குணசீலனின் வேன். இரண்டையும் மோட்டார் ஆய்வாளர் காலையிலேயே பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

உள்ளே சப்-இன்ஸ்பெக்டர் சத்யபிரியா. எதிரே வெள்ளைச் சட்டையில் குணசீலன். சுவரோரமாகத் தமிழரசு, தன் செருப்பையே பார்த்தபடி. பெஞ்சில் வசந்தாமணி, அவள் பக்கத்தில் ஆராயி. பெரிய கொண்டை, பெரிய மூக்குத்தி, கையில் எல்.எல்.ஆர். அட்டை. அதை ரேஷன் கார்டைவிடப் பத்திரமாகப் பிடித்திருந்தாள்.

"மேடம், மணி அஞ்சாகப் போகுதுங்க" என்றார் குணசீலன். "நான் பெருந்தன்மையா உட்டுக்குடுக்கறேன். வயசான பொம்பளை, தெரியாம செஞ்சிருச்சு. ஒரு கையெழுத்து, முடிஞ்சுது."

"நான் தெரியாம ஒன்னும் செய்யலை" என்றாள் ஆராயி. "பிரேக்கு எதுன்னு தெரியும், கிளச்சு எதுன்னு தெரியும், பொய்யி எதுன்னும் தெரியும்."

"சும்மா இருங்கக்கா. உங்க வயசுக்கு..."

"வயசுக்கு என்ன? ஆர்.டி.ஓ. ஆபீசுலயே வயசைப் பாத்துட்டுத்தான் அட்டை குடுத்தாங்க. நீங்க தனியாப் பாக்க வேண்டாம்."

சத்யபிரியா சிரிப்பை அடக்கிக்கொண்டு கயல்விழியைப் பார்த்தாள். "நீங்கதான் இவங்க பக்கமா? சாட்சி ஏதாவது இருக்குதா?"

"சாட்சி சொல்ல யாரும் வரலைங்க மேடம்" என்றாள் கயல்விழி. வசந்தாமணியின் முகம் வாடியது. குணசீலன் சாய்ந்து உட்கார்ந்தார். கயல்விழி பெட்டியை மேசைமேல் வைத்துக் கயிற்றை அவிழ்த்தாள். "கேக்தான் வந்தது."

"இதென்ன?"

"மல்லசமுத்திரத்துப் பேக்கரிக் கேக். செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு வேனில் வந்த உடைசல் முட்டையில் செய்தது. எந்த வேன் என்று சொல்ல யாரும் தயாராக இல்லை. குணசீலன் அண்ணன் வேனாக இருக்க முடியாது. அதுதான் அன்றைக்குக் காலியாக நின்றதே. இல்லீங்களாண்ணா?"

"ஆமாங்க. காலி வண்டி" என்றார் குணசீலன். நெற்றியில் ஒரு துளி வேர்வை.

அப்புசாமி மூக்கைக் கேக்கின் அருகே கொண்டுபோனார். முகத்தைச் சுளித்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தினார்.

"எனக்கென்னமோ நாத்தம் அடிக்குதுங்க மேடம். கூமுட்டை நாத்தம்."

குணசீலனின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது.

"வாரம் கழிஞ்ச முட்டையை எவனோ தள்ளிவிட்டிருக்கறானுங்க" என்று அப்புசாமி தொடர்ந்தார். "முப்பது வருசம் லோடு அடிச்ச மூக்கு, பொய் சொல்லாது. பண்ணையில கோழிக்குத் தீனி போட்டானோ, மண்ணைத்தான் போட்டானோ."

"நாத்தமெல்லாம் இல்லை. நல்லாத்தான் இருக்குது" என்றார் குணசீலன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"உங்களுக்கெப்படிங்க தெரியும்? உங்க முட்டையா என்ன? பாவம், உங்க முட்டை எவ்வளவு சுத்தம்! இது எவனோ ஒரு போக்கத்தவன் முட்டை. கோழி போட்டுச்சா, இல்லை குப்பையில பொறுக்கினானா..."

குணசீலன் பாதி எழுந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. மறுபடியும் உட்கார்ந்தார். சாமர்த்தியசாலி. இன்னும் ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் தப்பித்திருப்பார். கயல்விழியின் கணக்கு தப்பப் போகிறதோ என்று அப்புசாமியே கண்ணால் கேட்டார்.

அப்போதுதான் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காத குரல்.

"அதானே பாத்தேன்" என்றாள் ஆராயி, நிதானமாக, கொண்டையைச் சரி செய்தபடி. "கூமுட்டை யாவாரம் பண்றவருக்குப் பாக்கறவங்க எல்லாம் கூமுட்டையாத்தான தெரியும்?"

நாற்காலி பின்னால் விழுந்தது.

"யாரு முட்டையக் கூமுட்டைங்கறே?" குணசீலனின் கத்தலில் சுவரோரம் நின்ற தமிழரசு நிமிர்ந்தான். "இருபது வருசமா யாவாரம் பண்றேன், ஒருத்தன் ஒரு சொல் சொன்னதில்லை! முந்தின நாள் சாயந்திரம் கூண்டுல பொறுக்குன முட்டை! வெடியால அஞ்சரை மணிக்கு என்ற கண்ணு முன்னால ஏத்துனது! ஏத்தி ஒன்னே கால் மணி நேரம் ஆகலை. அதுக்குள்ள முன்வரிசை நொறுங்கிப் போச்சுன்னா அது முட்டை குத்தமா? அடிச்ச வேகம் அப்படி! பின்வரிசையில ஒரு கீறல் இருந்துச்சா? கூமுட்டையாமா கூமுட்டை!"



சத்யபிரியா பேனாவை மூடிக் கீழே வைத்தாள். "அஞ்சரைக்கு ஏத்துனா, ஒன்னே கால் மணி நேரத்துல ஆறே முக்கால்" என்றாள் மெதுவாக. "காலி வண்டின்னீங்களே?"

காரில் அப்புசாமி சொன்ன மூன்று வார்த்தை இப்போது உங்களுக்கும் தெரிந்திருக்கும்: 'முட்டையைப் பழிச்சா வருமுங்க.'

"நின்ன வண்டியில எந்த வேகத்துலங்க முன்வரிசை நொறுங்குச்சு?" என்று கேட்டாள் சத்யபிரியா.

பதில் சுவரோரத்திலிருந்து வந்தது.

"நான்தானுங்க மேடம் அடிச்சேன்." தமிழரசு செருப்பைப் பார்ப்பதை விட்டிருந்தான். "ஏழு மணிக்குத் திருச்செங்கோட்டுல லோடு எறக்கோணும்னு வெசையா வந்தேன். ஆட்டைப் பாக்கலை. கார் நின்னதையும் பாக்கலை. அந்தக்கா அழகா நின்னிருந்தாங்க. வண்டிக்கு எஃப்.சி. முடிஞ்சு ரெண்டு மாசமாச்சுங்க. தகுதிச் சான்று இல்லாத வண்டியில லோடு ஓடுச்சுன்னு தெரிஞ்சா இன்சூரன்ஸ் நிக்காதுன்னு, காலியா நின்னுச்சுன்னு சொல்லச் சொன்னாங்க."

"டேய்!" என்றார் குணசீலன். அதில் பழைய காரம் இல்லை.

"உட்டுருங்கண்ணா. மூணு நாளாத் தூங்கலை. டீச்சர் கழுத்துல அந்தப் பட்டையப் பாக்கப் பாக்க என்ற கழுத்து நோகுது."

சத்யபிரியா சமாதானக் கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தாள். வசந்தாமணி எழுந்தாள். முழு உடம்பையும் மேசைப் பக்கம் திருப்பினாள்.

"மேடம், கேஸ் போடறது உங்க இஷ்டம், சட்டம் என்ன சொல்லுதோ செய்யுங்க. ஆஸ்பத்திரிச் செலவும் கார் வேலையும் எப்படி வரோணுமோ அப்படி வரட்டும். எனக்கு ஒரு வரி வேணும். 'கார் நின்றிருந்தது, பின்னாலிருந்து வேன் இடித்தது'ன்னு எழுதோணும். ஓட்டினவங்க பேரு ஆராயின்னும் எழுதோணும்."

"எழுதறேன்" என்றாள் சத்யபிரியா.

"நெடில் போட்டு எழுதுங்க. 'அராயி'ன்னு போட்டுறாதீங்க" என்றாள் ஆராயி.

வெளியே வந்தபோது வாசலில் கூட்டம் கூடியிருந்தது. கத்தல் தெருவரைக்கும் கேட்டிருக்கிறது. இனி வகுப்புக்கு வருவதில்லை என்று சொன்ன பெண்களில் இரண்டு பேர் ஸ்கூட்டரோடு ஓரமாக நின்றார்கள்.

"காரை எடுத்துட்டுப் போகலாமுங்களா?" என்று கயல்விழி கேட்க, சத்யபிரியா தலையாட்டினாள். "ஓட்டறது யாரு?"

ஆராயி அதற்குள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டியிருந்தாள்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். 'சரிவு செங்குத்தா இருக்குதே, உருண்டுரப் போகுது' என்று ஒரு குரல். வசந்தாமணி காதில் விழுந்தது. பக்கத்து சீட்டில் ஏறினாள். டிரைவிங் ஸ்கூல் காரில் டீச்சர் பக்கமும் பிரேக்கும் கிளச்சும் இருக்குமல்லவா? அவற்றை யாரும் சந்தேகிக்கக் கூடாது என்று, இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின்மேல் சம்மணம் போட்டுக்கொண்டாள். கழுத்துப்பட்டையோடு, கோயில் சிலை மாதிரி. கண்ணாடியை முழுக்க இறக்கினாள், எல்லாரும் பார்க்கட்டும் என்று.

"நடுச்சரிவுல நிறுத்துங்கக்கா."

கார் பாதிச் சரிவில் ஏறி நின்றது.

"தீப்பெட்டி யார்கிட்டயாவது இருக்குதா?" என்று கேட்டாள் வசந்தாமணி.

"எதுக்குங்க தீப்பெட்டி?" அப்புசாமி கேக் பெட்டியோடு ஓடினார். பின் டயருக்கு ஒரு விரற்கடை பின்னால் கேக்கை வைத்தார். வெண்ணெய்ப் பூ டயரைப் பார்த்துக்கொண்டிருந்தது. "மாசம் பூராவும் திங்க முடியாத கேக்கு. நசுங்கினா எனக்கென்ன நட்டம்?"

ஸ்டேஷன் படியில் குணசீலன் நின்றார். அவர் பின்னால் சத்யபிரியா.

"கிளச்சைப் பாதி விடுங்க" என்றாள் வசந்தாமணி. "வண்டி லேசா உதறும். அந்த உதறலை உள்ளங்கால்ல கேளுங்க. கேட்டுச்சா?"

"கேக்குதுங்க டீச்சர்."

"இப்ப ஹேண்ட் பிரேக்கை எறக்குங்க."

ஆராயி இறக்கினாள். கார் ஒரு முறை முனகியது. பிறகு கயிறு கட்டிய டிக்கியோடு, நேராக, ஒரே மூச்சில் மேலே ஏறி ரோட்டில் போய் நின்றது. அங்கே ஆராயி இடது இண்டிகேட்டர் போட்டாள். அந்த நேரத்தில் ரோட்டில் வேறு வண்டியே இல்லை. இருந்தாலும் போட்டாள்.

வசந்தாமணி கழுத்தைத் திருப்ப முடியாமல், எதிரே ரோட்டையே பார்த்தபடி, ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள்.

"அப்புசாமியண்ணா! நசுங்கிச்சுங்களா?"

சரிவில் மண்டி போட்டிருந்த அப்புசாமி கேக்கை இரண்டு கையாலும் தூக்கி, படியில் நின்ற குணசீலனுக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார்.

"பூவு கூட அசையலைங்க டீச்சர்!"